அண்ணியும் இலையின் பின்பக்கமும்

எங்கள் அண்ணி எதையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மேல்பக்கத்தில் சாப்பாடு வாங்கிக்கொள்வார். துணிக்கடையில் கடைக்காரர் விரித்துக் காட்டும் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். உள்பக்கத்தைப் புரட்டி, தையல் ஓரமாக விரலை ஓட்டுவார். புது நாற்காலி வாங்கினால் அதைக் கவிழ்த்து நான்கு காலையும் தட்டிப் பார்த்த பிறகுதான் நிமிர்த்தி உட்காருவார். ஒருமுறை பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த அவருடைய சான்றிதழைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி இருந்தது. அண்ணி நிம்மதியாக வந்து வாயைத் திறந்துகொண்டு படுத்தார். திரும்பி வந்த டாக்டர்தான் பூச்சியைப் பார்த்துவிட்டு அறைக்குள் வர மறுத்தார்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "வேலை செஞ்ச கைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரமே தான் வேலை பார்த்த இலை ஷெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்.

பூங்கொத்தில் பூவுக்குப் பின்னால் பச்சையாக நிற்குமே, அதுதான் எங்கள் சரக்கு. பெரணி இலை, அலங்காரப் பனையின் ஓலை, இரண்டும்தான். கொத்தை வாங்குகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பூ வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். தோட்டத்திலிருந்து காலை ஏழு மணிக்கு வண்டி வரும். தகரம் அடித்த நீள மேசையைச் சுற்றி பதினான்கு பேர் நிற்போம். நீளம் பார்த்துப் பிரித்து, பத்துப் பத்தாக ரப்பர் போட்டு, காம்பில் ஈரக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மேசையின் தலைப்பக்கம் அண்ணியுடையது. எந்த இலை போகும், எந்த இலை போகாது என்று சொல்வது அவர்தான். பெட்டியிலிருந்து எடுப்பார், திருப்புவார், ஒரு பார்வை பார்ப்பார், இடது பக்கமோ வலது பக்கமோ போடுவார். ஒரு இலைக்கு இரண்டு நொடி ஆகாது.

அங்கே போன முதல் வாரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பனை ஓலையின் பின்பக்கத்தில் செதில் பூச்சி ஒட்டும். பழுப்பு நிறத்தில், மிளகைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல இருக்கும். பழைய பல் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எனக்கு அந்த வேலையைத்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் என் முன்னால் பெரணியை வைத்தார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமெல்லாம் பழுப்புப் புள்ளி. ஐயோ பாவம், இதற்கும் பூச்சி பிடித்துவிட்டது என்று நினைத்து, காலையிலிருந்து மத்தியானம் வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அண்ணி வந்து என் பின்னால் நின்றார்.

"விடிஞ்சதிலேருந்து இதையா பண்ணிட்டிருக்க?"

"ஆமாண்ணி."

"பூச்சின்னு நெனச்சியா?"

"ஆமாண்ணி."

"பூச்சி என்னைக்காவது வரிசையில நின்னு பாத்திருக்கியா?"

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடு நரம்புக்கு இந்தப்பக்கம் ஒரு வரிசை, அந்தப்பக்கம் ஒரு வரிசை. சட்டைக்குப் பட்டன் வைத்தது போல அளவெடுத்து நின்றன. அது பூச்சி இல்லை, விதைத் தூள் என்றார் அண்ணி. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, பிள்ளைகுட்டி எல்லாம் முதுகில்தான். புள்ளி வந்த இலை முற்றின இலை. தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்கும். புள்ளி இல்லாதது இளசு. பார்க்கப் பளபளவென்று இருக்கும், மறுநாள் காலையில் தலை தொங்கிவிடும்.

"முன்பக்கம் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். பின்பக்கம்தான் நெசத்தைச் சொல்லும்" என்றார். நான் தேய்த்த இலைகளில் கீறல் விழுந்து சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டன. அண்ணி அதைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் "வரிசையில நிக்கிற பூச்சி" என்று சொல்லி ஷெட்டில் என்னை ஒரு வருடம் கேலி செய்தார்கள்.

சரி, வேலையிலிருந்து வந்த பழக்கம்தான் இது என்று நான் நினைத்துக்கொண்டேன். அது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

அண்ணிக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான் வந்தபோது முப்பது தாண்டியிருந்தார். அதற்குப் பிறகும் தெரிந்தவர்கள் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருடைய போட்டோ வந்தது. அண்ணி முகத்தைப் பார்க்காமல் திருப்பினார். பின்னால் ஸ்டூடியோக்காரன் போட்ட முத்திரையில் தேதி இருந்தது. "எட்டு வருஷத்துக்கு முந்தின மூஞ்சி. இப்ப இருக்கிற மூஞ்சி எங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவர் நேரிலேயே வந்தார். உள்ளே அவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி வாசலில் அவருடைய செருப்பைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது செருப்பு மட்டும் தேஞ்சிருக்கு. ஒரு பக்கமா சாயற ஆளு" என்றார். அவர் பக்கத்துத் தெருவில் திரும்பும்வரை நேராகத்தான் நடந்தார், நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆனால் சொல்லவில்லை.

இப்படி ஏழு பேர் போனார்கள். என் வீட்டுக்காரர் டயர் கடையில் வேலை பார்க்கிறவர், அக்காவிடம் பயம் உண்டு, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏங்க்கா, மனுஷனைக் கவுத்துப் பாத்தா எவன் நிப்பான்?"

"நிக்கிறவன் வரட்டும்."

"அப்படி ஒருத்தன் வரணும்னா சர்க்கஸ்லேருந்துதான் வரணும்."

"உன் வேலையைப் பாரு. போன வாரம் நீ ஒட்டின டயரை உள்பக்கம் பாத்தேன். அதைப் பத்தி இன்னும் நான் பேசல."

அவர் அதோடு எழுந்து போய்விடுவார்.

தோட்டத்து வண்டியை ஓட்டி வருகிற டிரைவரை ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஐம்பதை நெருங்கிய ஆள், தனிக்கட்டை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் "யாரும் கேக்கலை" என்பார். அவர் சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுவார். காலர், பட்டன் பட்டி, பாக்கெட் எல்லாம் கத்தி மாதிரி நிற்கும். பெட்டியை இறக்கக் குனிந்தால் முதுகு முழுக்கக் கசங்கல். வண்டி ஓட்டுகிறவனுடைய முதுகைச் சீட்டைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. யார் பார்த்தார்கள் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

"முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி சுருட்டி எறிஞ்ச பேப்பரு" என்பார் அண்ணி. "இந்த ஆளை எப்படி நம்பறது?"

வாய்தான் அப்படிச் சொல்லும். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அண்ணியின் காது இரண்டும் வாசலுக்குப் போய்விடும். ஹாரன் கேட்டதும் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். அண்ணி கொண்டையைக் கழுத்தோடு ஒட்டித் தாழ்வாகத்தான் போடுவார், எவ்வளவு வெயில் அடித்தாலும்.

டிரைவர் பக்கமும் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். ஷெட்டில் எல்லோரும் அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அண்ணி என்பேன், மற்றவர்களுக்கு அக்கா. வாசல் காவல்காரருக்கு அறுபது வயது, அவருக்கும் அக்கா. முதலாளிக்கும் அக்கா. டிரைவர் மட்டும் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அக்கா என்றதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க", "பெட்டி வந்திருக்குங்க" என்று கூப்பிடாமலே காலம் தள்ளினார். அப்படிச் சுற்றிவளைத்துப் பேசுவதற்கு எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் அவர் மனதில் என்ன இருந்தது என்று தெரியும். ஷெட்டில் என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணிக்கு அப்போது நாற்பத்தி மூன்று.

அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து குழாய்ப் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணாம் தேதியிலேருந்து என்னை வேற தோட்டத்துக்குப் போடறாங்க. இங்கேருந்து ஏழு மணி நேரம்."

"அப்படியாண்ணே."

"உங்க முதலாளியும் கேட்டிருக்காரு. ஷெட்லேருந்து கடைகளுக்குக் கட்டு கொண்டுபோற வண்டிக்கு ஆள் வேணுமாம். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"ம்."

"இருன்னா இருந்துடுவேன். இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல."

காரணம் மேசையின் தலைப்பக்கத்தில் நின்று ஒரு பனை ஓலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி குழாயைப் பார்த்தோம்.

"நேரா கேட்டா உதைதான் விழும்" என்றார். "ஏழு பேரு கதையும் எனக்குத் தெரியும். நீ கூடவே இருக்க. உங்கண்ணிக்கு என்ன பிடிக்கும்னு சொல்லேன்."

பதிமூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. அண்ணிக்குக் கறுப்புத் தேநீர் பிடிக்கும், நேரம் தவறாதவர்களைப் பிடிக்கும், உங்களைப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"அண்ணி பின்பக்கம்தான் பாப்பாங்கண்ணே."

அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டு வாளியோடு ஓடிவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை, டிரைவர் வண்டியிலிருந்து கேள்விக்குறி மாதிரி வளைந்து இறங்கினார். சட்டையின் முதுகுக்கு இஸ்திரி போட்டிருந்தார். அது கசங்கக் கூடாதென்று சீட்டில் சாயாமல் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். நிமிர்வதற்குக் காவல்காரர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை வண்டியின் பின்கதவைக் கழுவிக்கொண்டு வந்தார். அது நீல நிறம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும், அதுவரை சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அவருடைய குதிகால் இரண்டும் கல்லில் தேய்த்துச் சிவந்து போயிருந்தன. அன்று அவர் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

வீட்டில் அண்ணி சொன்னார்: "அந்த டிரைவர் எதையோ மறைக்கிறாரு."

"என்னத்தை மறைக்கிறாராம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பன்னெண்டு வருஷமா கழுவாத பின்பக்கத்தை ஒருத்தரு மூணே நாள்ல கழுவினா என்ன அர்த்தம்? ஏதோ தப்புப் பண்ணியிருக்காரு. ஒண்ணாம் தேதி ஊரை விட்டே போறாராமே. முதலாளி சொன்னாரு." இதைச் சொல்லும்போது தன் தட்டைத் திருப்பிப் பார்க்க மறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உப்பு எடுக்க எழுந்து போனேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வண்டி வரவில்லை.

ஏழரைக்கும் வரவில்லை. எட்டு மணிக்கு மேசையைச் சுற்றி பதினான்கு பேரும் சும்மா நின்றோம். அண்ணி மூன்று முறை வாசலுக்குப் போய்வந்தார். எட்டரைக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, திருப்பி, பேட்டரியை அமுக்கிப் பார்த்து மாட்டினார். ஒன்பது மணிக்கு மறுபடியும் கழற்றினார். "சொல்லாமலே போயிட்டாரு போல" என்று யாரோ சொன்னதற்கு, "கடிகாரம் ஓடுதான்னு பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஹாரன் கேட்டது. டிரைவர் இறங்கினார். சட்டை முன்னும் பின்னும் ஈரம், கண் சிவந்திருந்தது. முதல் பெட்டியை நேராக அண்ணி முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரீட்சைப் பேப்பரைக் கொடுத்த பிள்ளை போல ஓரமாக நின்றார்.

அண்ணி ஒரு பெரணியை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இடது பக்கம் போட்டார். அடுத்ததும் வெறுமை. அதற்கடுத்ததும். பத்து, இருபது, முப்பது. எல்லாம் இடது பக்கம்.

"இளசு" என்றார். "மொத்தமும் இளசு. வழியில எங்க வெட்டினீங்க இதை? எடுத்துட்டுப் போங்க."

டிரைவர் பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

ஆனால் அண்ணியின் விரல் இலையை விடவில்லை. ஓரத்தை மடக்கிப் பார்த்தார். இலை விறைப்பாக நின்றது. இளசு அப்படி நிற்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நரம்புக்கு இருபுறமும் மயிரிழை போலக் கீறல், வரிசை வரிசையாக. பிறகு டிரைவரின் கையைப் பார்த்தார். மணிக்கட்டுவரை பழுப்புத் தூள் அப்பியிருந்தது. நகக்கண்ணில் தூள், புருவத்தில் தூள். சட்டைப் பாக்கெட்டில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பல் பிரஷ் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பல்லு தேச்சு விட்டீங்களா?" என்றார் அண்ணி.

"பூச்சி இருந்துச்சுங்க" என்றார் டிரைவர். "இலைக்கு இலை இருந்துச்சு. நீங்க ஓலையில பிரஷ் போடறதைப் பாத்திருக்கேன். அதான் ரோட்டோரமா வண்டியை நிறுத்தி..."

"எத்தனை பெட்டி?"

"நாலு பெட்டி முடிச்சேன். ரெண்டு பெட்டி மிச்சம் இருக்குங்க. நேரமாயிடுச்சு."

"மிச்சம் இருக்கிற ரெண்டையும் முதல்ல இறக்குங்க. உங்க பிரஷ் அதுமேல படறதுக்குள்ள."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசையில் நிற்கிற பூச்சிக்கு இத்தனை வருடம் கழித்துத் துணை கிடைத்துவிட்டது.

"எதுக்காக இந்த வேலை பண்ணினீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"நீங்க பின்பக்கம்தான் பாப்பீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

டிரைவர் பல் பிரஷ்ஷைப் பாக்கெட்டுக்குள் அமுக்கினார். என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. அந்த நல்ல மனதுக்காகத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"நான்தான் அண்ணி" என்றேன்.

என் குரலை ஷெட்டில் பலர் அன்றுதான் கேட்டார்கள். இரண்டு பேர் யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். புதன்கிழமை முதுகு, வியாழக்கிழமை கதவு, வெள்ளிக்கிழமை குதிகால் எல்லாம் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது. காது நுனி சிவந்தது. "வேலையைப் பாருங்க எல்லாரும்" என்றார். "நீங்க தொட்டிக்கிட்ட வாங்க. கையைக் கழுவுங்க முதல்ல."

நான் தொட்டியில் பனை ஓலையை அலசிக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

அவர் கை கழுவி முடிக்கும்வரை அண்ணி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"பன்னெண்டு வருஷமா இந்த இலையை ஏத்தி இறக்கறீங்க. ஒரு தடவைகூடத் திருப்பிப் பாத்ததில்லையா?"

"இல்லைங்க."

"ஒரு தடவைகூட?"

"நான் எதையும் திருப்பிப் பாக்கறதில்லைங்க. முன்னாடி இருக்கிறதைப் பாக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு."

அண்ணியின் கை கொண்டைக்குப் போனது.

அந்தக் கொண்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலை துவட்டும்போது பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிப் பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிய தழும்பு. அண்ணிக்கு இருபத்தி இரண்டு வயதில் முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, மாப்பிள்ளையின் சித்தி "கொஞ்சம் திரும்பி நில்லும்மா" என்றிருக்கிறார். அண்ணி திரும்பி நின்றிருக்கிறார். வந்தவர்கள் தேநீரை மட்டும் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் இதை எனக்குச் சொன்னார், அக்காவிடம் கேட்டுவிடாதே என்ற எச்சரிக்கையோடு. தட்டு, துணி, நாற்காலி, செருப்பு, போட்டோ என்று அண்ணி எத்தனையோ திருப்பிப் பார்த்திருக்கிறார். எந்த மனிதரையும் திரும்பி நிற்கச் சொன்னதில்லை.

"அப்ப இதையும் பாத்துடுங்க" என்றார் அண்ணி. "பின்னாடி தெரிஞ்சு பேச்சு வரக்கூடாது."

டிரைவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையாலும் கொண்டையைத் தூக்கிப் பிடித்தார். என் கையில் இருந்த ஓலை தண்ணீருக்குள் நழுவிப் போய்விட்டது. நான் எடுக்கவில்லை.

டிரைவர் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போய் மறுபடி பார்த்தார்.

"என்னங்க?" என்றார்.

"தெரியலையா?"

"ஒண்ணும் தெளிவா தெரியலைங்க. கிட்டத்துல பாக்கற கண்ணாடி வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரவா?"

அண்ணி அப்படியே நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். திரும்பியபோது பார்த்தால், சிரிப்பு. சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பதிமூன்று வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

"வேணாம்" என்றார். "இருக்கட்டும். சுடுதண்ணி பட்ட தழும்பு, அவ்வளவுதான்."

"இப்பவும் வலிக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றார் அவர்.

பிறகு டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முதலாளிகிட்ட நான் என்ன பதில் சொல்லட்டுங்க?"

அண்ணி கொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நம்ம கடை வண்டிக்குப் பின்கதவு சரியா மூடாது. தெரியுமா?"

"பாக்கலைங்க."

"எப்படிப் பாப்பீங்க. பள்ளத்துல இறங்கினா தானா திறந்து கட்டெல்லாம் ரோட்ல விழும். கயிறு போட்டுக் கட்டணும். திங்கட்கிழமை வரும்போது நல்ல கயிறா கொண்டாங்க."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அவர் நடந்தார். கயிறு எந்தக் கடையில் வாங்கலாம் என்று யோசிப்பது போலத்தான் இருந்தது அவர் நடை. வண்டிக்குப் பாதி தூரம் போனதும் நின்றார். திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. திரும்பி எங்களைப் பார்த்தார். அண்ணி ஏற்கெனவே மேசைக்குப் போய் அடுத்த இலையை எடுத்திருந்தார். டிரைவர் வண்டிப் பக்கம் இரண்டு அடி வைத்தார், பிறகு முதலாளி அறைப் பக்கம் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது.

தேய்த்த நாலு பெட்டியும் மத்தியானத்துக்குள் கறுத்துப்போயின. முதலாளி கேட்டபோது, "சரக்கு சரியில்ல, நான்தான் கழிச்சேன்" என்று அண்ணி சொல்லிவிட்டார். அதில் ஒரு கட்டு இலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். பார்க்கச் சகிக்காது. ஒன்பது நாள் வைத்திருந்தார்.

இரண்டு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அதிகாரி சான்றிதழை நீட்டினார். அண்ணி வாங்கியதும் திருப்பினார். பின்பக்கம் முத்திரை மை ஊறியிருந்தது. அதிகாரி என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சரியாத்தான் இருக்கு" என்றார் அண்ணி.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணியும் அவரும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். அவரை நான் முன்பும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே கூப்பிடலாம், எனக்குச் சிரமமில்லை. என் வீட்டுக்காரர்தான் டயருக்குக் காற்றடிக்க வந்த ஆளைத் திடீரென்று அத்தான் என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. முதல் வருடம் முழுக்க "அண்ணே... அத்தான்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடை வண்டியின் பின்கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது. அண்ணி இன்னும் மேசையின் தலைப்பக்கத்தில் நிற்கிறார், தட்டை இன்னும் திருப்பிப் பார்க்கிறார். வெயில் காலத்தில் கொண்டையை உயரத் தூக்கிப் போடுகிறார். டிரைவருடைய சட்டைக்கு இன்னும் முன்பக்கம் மட்டும்தான் இஸ்திரி. பின்பக்கத்துக்கு வேண்டாம் என்று அண்ணியே சொல்லிவிட்டார்.